தெற்கு கேட்

மயில்கள் இரண்டும் ஓடுதளத்தின் வெள்ளைக்கோட்டை விட்டு நகர்வதாக இல்லை. வெள்ளத்தாய் எண்ணெய் டின்னைக் கம்பால் ஓங்கித் தட்டினாள், ஆண் மயில் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கொத்த ஆரம்பித்தது, அதற்கு இவளைத் தெரியும், டின் சத்தம் வரும் கல் வராது என்று தெரியும், தேசியப் பறவை மேல் கல் பட்டால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொன்னது அதன் காதிலும் விழுந்திருக்கும். கிழக்கே கண்மாய்க்கு மேலே பயிற்சி பிளேன் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நிமிஷத்தில் இறங்கும், சக்கரம் தரையைத் தொடும், தொட்ட வேகத்திலேயே மறுபடி ஏறிப் போய்விடும். காலையிலிருந்து எட்டு தடவை. எங்கிருந்தும் வராமல் எங்கேயும் போகாமல் இந்தச் செவல்காட்டை மட்டும் சுற்றிச் சுற்றி வருகிற பிளேன், அதை ஓட்டிப் படிக்க வடக்கேயிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். வெள்ளைக்காரன் சண்டைக்காகப் போட்ட ஓடுதளம், சண்டை முடிந்து சும்மா கிடந்தது, ஆடு மேய்ந்தது, வத்தல் காய்ந்தது, ஊர்க்காரர்கள் குறுக்கே நடந்து வடக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் போனார்கள், அப்புறம் அரசாங்கத்துக்கு இது தன்னுடைய மைதானம் என்று ஞாபகம் வந்து சுற்றிலும் கம்பிவேலி போட்டது. வேலி வந்ததால் கேட் வந்தது, கேட் வந்ததால் அவளுக்கு வேலை வந்தது, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, ஆபீஸோடு பேச ஒரு வாக்கிடாக்கி, ஒரு விசில், இடுப்பில் சாவி. ஊரில் பொம்பளைகள் வாயைப் பிளந்தார்கள், ஏரோப்பிளானுக்கே கேட் திறக்கிறாளாம். ஏரோப்பிளானுக்குக் கேட் எதற்கு, அதற்குத்தான் வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறதே. டின்னை இன்னொரு தடவை தட்டினாள். மயில்கள் எழுந்து தாழப் பறந்து வேலி ஓரத்து உடைமரத்தில் போய் உட்கார்ந்தன, பிளேன் வந்தது, தொட்டது, போனது, ஒன்பது.

கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகை நிழலில் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை எரிந்தது, கம்பு பிடித்த இடம், இல்லை, அந்த வளையல் கிழித்த இடம், போன வெள்ளிக்கிழமை கிழித்தது இன்னும் ஆறவில்லை. பச்சைக் கண்ணாடி வளையல். மகள் அனுசியாவின் கைக்குப் போட்டபோது அது சிறுசாக இருந்தது, அழுத்தியதும் உடைந்து இவள் கையில் ஏறியது, நல்லவேளை பிள்ளை கையில் ஏறவில்லை, ஆனால் உடைந்தது உடைந்ததுதானே, சுற்றி இருந்த சம்பந்தி வீட்டுப் பொம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பிள்ளை தங்கவில்லை என்று இரண்டாவதுக்கும் வளைகாப்பு வைத்தார்கள், கோவில்பட்டியில், அவர்கள் வீட்டு மாடியில் பந்தல் போட்டு. பெற்ற தாய் முதலில் போட வேண்டிய வளையலை நாலு பேருக்கு அப்புறம் போட்டாள். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். போடுகிற நேரம் முழுக்க அனுசியா இவளைப் பார்க்கவே இல்லை, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. சாப்பாடெல்லாம் முடிந்து, புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் பொட்டலம் கட்டிக் கொடுத்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் இவள் மெதுவாகக் கேட்டாள், எப்ப வந்து கூப்பிட்டுப் போகட்டும் தாயி என்று. அனுசியா சந்தனத்தைக் கன்னத்திலிருந்து துடைத்துக்கொண்டே, "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்மா. இங்க ஆஸ்பத்திரி அடுத்த தெரு" என்றாள். கோபமே இல்லாத குரல். அடுத்த தெரு. அந்த இரண்டு வார்த்தையை வெள்ளத்தாய் பஸ்ஸில் வரும்போது முழுக்க வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு வந்தாள், புளிச்சாதத்தை ஊரில் வந்து கோழிக்குப் போட்டாள். இவள் வீட்டுக்கு ஆஸ்பத்திரி அடுத்த தெரு இல்லை, ஆனால் தூரமும் இல்லை, இதோ இங்கே உட்கார்ந்தால் தெரிகிறது, ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம், மஞ்சள் கட்டடம், மேலே தண்ணீர்த் தொட்டி, தொட்டியில் உட்கார்ந்திருக்கிற காக்காய்கூடத் தெரிகிறது. வேலியைச் சுற்றிப் போனால் பதினாலு கிலோமீட்டர், நடுவில் ரயில்வே கேட்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, அன்றைக்கும் இதே நேரம்தான். சித்திரை மாசம், தரையெல்லாம் கானல் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பிள்ளைக்கு நாள் இன்னும் பத்து இருந்தது, அந்தத் தைரியத்தில்தான் வேலைக்கு வந்தாள், இல்லை, தைரியம் இல்லை, லீவு கேட்கப் பயம், முந்தின வாரம்தான் மேனேஜர் தனுஷ்கோடி சார் சத்தம் போட்டிருந்தார். இவளுடைய கொழுந்தன் பைக்கில் வந்து அண்ணி அண்ணி என்று கெஞ்சியதற்கு இரக்கப்பட்டு ஒரு தடவை திறந்துவிட்டாள், யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். "உன் சொந்தக்காரங்களுக்கு ரோடு விடவா சாவி கொடுத்திருக்கு?" தனுஷ்கோடி சார் கெட்ட மனுஷன் கிடையாது, பொங்கலுக்கு எல்லோருக்கும் துண்டு எடுத்துக் கொடுப்பவர், அதனால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு உறைத்தது. உன் சொந்தக்காரங்களுக்கு. சுடலைக்கண்ணுவின் ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து கேட்டில் முட்டுகிற மாதிரி நின்றபோதும் அதுதான் காதில் ஓடியது. உள்ளே பக்கத்து வீட்டு மாடத்தி மதினி மடியில் அனுசியா, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சு, திற மதினி திற" என்று மாடத்தி கத்தினாள். சாவி இடுப்பில் இருந்தது. இவள் வாக்கியை எடுத்தாள். சாவியை அல்ல, வாக்கியை. அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள்? சார், தெற்கு கேட்ல ஒரு ஆட்டோ நிக்குது சார், ஒரு பிரசவக் கேஸ், குறுக்க விடலாமா சார். எம் மக என்று சொல்லவில்லை. இரண்டு எழுத்து, மக, அது வாயிலிருந்து வரவில்லை. சொல்லியிருந்தால் உன் சொந்தக்காரங்களுக்கு என்பார், சொல்லாவிட்டால் பொதுவான கேஸ் என்று விட்டுவிடுவார், அப்படி ஒரு கணக்கு அந்த நேரத்தில் அவள் மண்டைக்குள் ஓடியிருக்கிறது, பிள்ளை பல்லைக் கடிக்கிற நேரத்தில் தாய்க்காரி மண்டைக்குள் கணக்கு. வாக்கி கரகரவென்றது, அப்புறம் மேனேஜர் குரல், அவசரமில்லாத குரல். "பிளேன் சுத்திக்கிட்டிருக்குல்ல. மேல இருக்கிறதை நிறுத்த முடியுமா? ரோட்டு வழியாப் போகச் சொல்லு." மேலே பார்த்தாள். ஆமாம், கண்மாய்க்கு மேலே பிளேன் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே இருப்பதை எப்படி நிறுத்த முடியும்? பஸ்ஸா, பிரேக் போட்டு ஓரமாக நிறுத்த? "சுத்திப் போயிரு சுடலை" என்றாள். அவன் இவளை ஒரு பார்வை பார்த்தான், வண்டியைத் திருப்பினான். கூட ஏறிக்கொள்ளவும் இல்லை. மாற்றுக்கு ஆள் வராமல் கேட்டை விட்டு எப்படி ஏறுவது?

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. எத்தனை பெட்டி என்று மாடத்தி மதினி பின்னால் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், இவள் கேட்காமலே சொல்வாள், ரேஷன் கடை வரிசையில் நின்றும் சொல்வாள், பெட்டி போய்க்கிட்டே இருக்கு மதினி, போய்க்கிட்டே இருக்கு. ஆட்டோவுக்குள்ளேயே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றி, அழவில்லை. இவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து துணியில் சுற்றி வைத்திருந்தார்கள், டாக்டரம்மா முகத்தைப் பார்க்காமல் ஏதோ எழுதிக்கொண்டே, "அரை மணி நேரம் முன்னால கொண்டாந்திருந்தா ஒரு வழி பார்த்திருக்கலாம்" என்றாள். அரை மணி நேரம். கட்டில் ஓரமாகப் போய் நின்று மகளின் நெற்றியில் கையை வைத்தாள். அனுசியா கண்ணைத் திறந்தாள், உதடெல்லாம் கடித்துக் கடித்து வீங்கிப் போயிருந்தது, அந்த வாயால் கேட்டாள், "கேஸ் எப்படி இருக்குன்னு பார்க்க வந்தியா?" அவள் கேட்டிருக்கிறாள். அவ்வளவு வலியிலும் ஆட்டோவுக்குள்ளிருந்து அந்த ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்திருக்கிறது. திருப்பூரிலிருந்து இவள் புருஷன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, விதி என்று சொல்லிவிட்டுப் போனார். மருமகன் ஒன்றும் கேட்கவில்லை. வேலையில் என்ன காரணம் சொன்னாள்? மகளுக்கு உடம்பு சரியில்லை சார், நாலு நாள். ஐந்தாம் நாள் வந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் மூன்று வருஷம், இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள், ஊருக்குள் தலையை நிமிர்த்தி நடந்தாள். மேல இருக்கிறதை நிறுத்த முடியுமா. யாராலும் முடியாது. கலெக்டர் வந்தாலும் முடியாது. நான் திறந்திருந்தால் பிளேன் வந்து ஆட்டோ மேலேயே ஏறியிருக்கும், பிள்ளையோடு தாயும் போயிருப்பாள், நான் தாயைக் காப்பாற்றினேன். சில நாள் மத்தியானம் அதை அவளே நம்பிவிடுவாள்.

வாக்கி கரகரத்தது. சற்று முன்னால் பெரிய பிளேன் ஒன்று வந்து இறங்கி வடக்கே ஆபீஸ் பக்கத்தில் நின்றிருந்தது, வெள்ளை நிறம், இரட்டைக் காற்றாடி, வாலில் சிவப்புச் சிலுவை, யாருக்கோ என்று நினைத்து அதை இவள் கவனிக்கவில்லை. "வெள்ளத்தாய், தெற்கு கேட்டைத் திற. ஸ்பின்னிங் மில் முதலாளிக்கு நெஞ்சுவலி, மெட்ராஸ் கொண்டு போறாங்க. ஆம்புலன்ஸ் மில்லுலேருந்து வந்துக்கிட்டிருக்கு, குறுக்க விட்டுரு." மேலே பார்த்தாள். பயிற்சி பிளேன் கண்மாய்க்கு மேலே திரும்பிக்கொண்டிருந்தது, ஒன்பது முடிந்து பத்துக்கு. வாக்கியை வாயருகே கொண்டுவந்தாள். "சார், மேல பிளேன் இருக்கு சார்." "தெரியும் தெரியும். அங்கனயே சுத்தச் சொல்லியாச்சு. நீ முதல்ல திற." வாக்கி அணைந்த பிறகும் அதைக் காதோரம் வைத்துக்கொண்டு நின்றாள். அங்கனயே சுத்தச் சொல்லியாச்சு. சொல்லியாச்சு என்றால், சொன்னால் கேட்குமா? கண்ணை இடுக்கிப் பார்த்தாள். எப்போதும் புளியந்தோப்புக்கு நேராக வந்ததும் மூக்கைத் தாழ்த்தும் பிளேன் இன்றைக்குத் தாழ்த்தவில்லை, இறக்கையைச் சாய்த்து மறுபடி கண்மாய்ப் பக்கமே திரும்பியது, ஒரு சுற்று, அமைதியாக, பருந்து மாதிரி, இன்னொரு சுற்று. சைரன் சத்தம் ஊருக்குள்ளிருந்து வந்தது. கை தானாகச் சாவியை எடுத்தது, பூட்டில் நுழைத்தது, திருகியது, சங்கிலி கழன்று விழுந்தது, எல்லாம் எவ்வளவு சுலபமாக நடந்தது. ஆம்புலன்ஸ் வேகத்தைக் குறைக்காமல் உள்ளே போனது, பின்னாலேயே இரண்டு கார், உறவுக்காரர்கள்தான், சொந்தக்காரர்கள். ஓடுதளத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் வெள்ளை பிளேனின் வயிற்றருகில் நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம். அந்தப் பக்கத்து வெளிக் கேட்டைத் தாண்டினால் மஞ்சள் கட்டடம்.

பெரிய பிளேன் முதலாளியை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிற்று, புழுதி அடங்கவில்லை, தனுஷ்கோடி சார் ஸ்கூட்டரில் வேலியோரமாக வந்தார், முகமெல்லாம் வேர்வை, பெரிய காரியம் ஒன்றைச் சரியாக முடித்த சந்தோஷம். "பரவாயில்லையே, வண்டி வர்றதுக்குள்ள திறந்துட்டே. ஆம்புலன்ஸ் திரும்பிப் போற மட்டும் திறந்தே கிடக்கட்டும்" என்றார். அவள் எழுந்து நின்றாள். "சார், மேல இருக்கிறதை நிறுத்தலாமா சார்?" அவருக்குப் புரியவில்லை. அவள் கையால் கண்மாய்ப் பக்கம் காட்டினாள். "ஓ, அதுவா? ஏன் நிறுத்த முடியாது? ரேடியோல ஒரு வார்த்தை சொன்னா அங்கனயே சுத்திக்கிட்டிருப்பான். எண்ணெய் இருக்கிற மட்டும் சுத்துவான். ஒரு மணி நேரம்னாலும் சுத்துவான்." அவர் சிரித்தார், ஏதோ சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி. வெள்ளத்தாய் சிரிக்கவில்லை. "மூணு வருஷத்துக்கு முந்தி, சித்திரையில, இதே கேட்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு சார். பிரசவக் கேஸ். மேல இருக்கிறதை நிறுத்த முடியுமான்னு கேட்டீங்க." அவர் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார், ஞாபகத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. "இருக்கும். தினம் யாராவது திறக்கச் சொல்லிக் கேக்கிறாங்கள்ல. வர்றவங்களுக்கெல்லாம் பிளேனை நிறுத்திக்கிட்டிருந்தா பாடம் எப்ப நடக்கும்?" ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியவர், இவள் முகத்தில் என்ன கண்டாரோ, மறுபடி அணைத்துவிட்டுக் கேட்டார், "ஏன், யாரு அது?" இப்போது சொல்லலாம். இப்போது யார் தடுக்கிறார்கள்? அதே இரண்டு எழுத்து, வாயில் அதே இடத்தில் நின்றது. "யாரோ சார்" என்றாள். "ம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

யாரோ. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவருக்கு ஞாபகமே இல்லை, அதற்குக் கோபப்பட வேண்டும், கோபம் எங்கே போயிற்று, தேடினால் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக வேறு ஒன்று மெதுவாக மேலே வந்தது, அது வராமல் இருக்கத்தான் அவள் மூன்று வருஷமாக டின் தட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். மயில் குறுக்கே வந்த நாட்களில், நாய் புகுந்த நாளில், ஆட்டுக்கிடாய் ஓடிவந்து நடுவில் நின்ற நாளில், பிளேன் இறங்குவது போல வந்து, தொடாமல், சத்தத்தைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விடும். இவள் வாக்கியில் சொல்வாள், சார், ஆடு நிக்குது சார். பிளேன் போய்விடும். ஆட்டுக்கு நின்றிருக்கிறது. இவள் கண்ணால், இவள் வாயால் சொல்லி நின்றிருக்கிறது, அன்றைக்கு முன்னாலும் நின்றது, பின்னாலும் நின்றது. தெரியாமல் இல்லை. தெரிந்ததை வேறொரு அறையில் போட்டுப் பூட்டியிருந்தாள். ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது, சைரன் இல்லாமல், காலி வண்டி, டிரைவர் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையில் டீ கிளாஸோடு நிதானமாக ஓடுதளத்தைக் கடந்தான். அந்தக் காலி வண்டிக்காகவும் பிளேன் கண்மாய்க்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

போனை எடுத்தாள். அனுசியா பெரும்பாலும் எடுக்க மாட்டாள், சம்பந்தியம்மாதான் எடுத்து நல்லா இருக்கா என்று சொல்லி வைப்பாள், அந்தத் தைரியத்தில்தான் அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம், யாரோ ஒரு குழந்தை அழுகிறது. "என்னம்மா, நான் ஆஸ்பத்திரில இருக்கேன். ஸ்கேனுக்கு உக்காந்திருக்கேன்." வெள்ளத்தாய்க்கு எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "ஏட்டி, அன்னைக்கு பிளேனை நிறுத்தியிருக்கலாமாம்." அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "இன்னைக்கு மில்லு முதலாளிக்கு நிறுத்தினாங்க. ரேடியோல ஒரு வார்த்தைதானாம். எனக்குத் தெரியாது தாயி, சத்தியமா எனக்கு" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள், சத்தியம் பாதியில் நின்றது. அனுசியா எங்கேயோ ஓரமாக எழுந்து போகிற சத்தம் கேட்டது, பெருமூச்சு, மாசக்காரியின் கனத்த மூச்சு. "இப்ப என்ன சொல்ல வார? பிளேன் நின்னிருக்கும்னா, இல்ல நீ திறந்திருப்பேன்னா?"

இரண்டும் ஒன்று என்றுதான் மூன்று வருஷமாக நினைத்திருந்தாள். வெயில் கேட்டின் கம்பிகளை நிழலாகத் தரையில் போட்டிருந்தது, அவள் அதைப் பார்த்தாள். ஆமா என்று சொல்லலாம். திறந்திருப்பேன்டி, தெரிஞ்சிருந்தா உடைச்சுக்கூடத் திறந்திருப்பேன், அழுதுகொண்டே சொல்லலாம், பிள்ளை நம்பினாலும் நம்பும், பிரசவத்துக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடும். இப்போதுதான், கால் மணி நேரம்கூட ஆகவில்லை, யாரோ சார் என்று சொன்ன வாய் இது.

"மாட்டேன்" என்றாள். "அவுக சொல்லாம திறந்திருக்க மாட்டேன்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வைக்கவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் அனுசியாவின் குரல், கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், யாரிடமோ முகவரி சொல்கிற மாதிரி. "அது எனக்குத் தெரியும். நீ அதை உன் வாயால சொல்ல மாட்டேன்னுதான் நினைச்சிருந்தேன்." யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "கூப்பிடுதாங்க. வைக்கேன்." வைத்துவிட்டாள்.

நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, ஆகவில்லை. கண்மாய்க்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த பிளேன் புளியந்தோப்புக்கு நேராக வந்து மூக்கைத் தாழ்த்தியது. தெற்கு கேட் விரியத் திறந்து கிடந்தது, அதன் வழியாகத் தெரு தெரிந்தது, தெருவில் யாரும் இல்லை. வாக்கி கரகரத்தது.

"பிளேன் இறங்குது. கேட்டைப் பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு சார்" என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் எழுந்து போய்ப் பூட்டினாள்.